இடுப்புக்குள் ஒரு பேட்டரி

2025 மார்ச் 3, திங்கள்
நான் நர்ஸாக இருக்கும் துணை சுகாதார நிலையத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை இன்று நடந்தேன். வழியில் எங்கும் உட்காரவில்லை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முதுகில் ஆபரேஷன் ஆன பிறகும் நான்கு வருடமாக வலது கால் எரிந்துகொண்டே இருந்தது. இப்போது எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது, அவ்வளவுதான். சேலத்து டாக்டர் முதுகுத்தண்டில் இரண்டு ஒயர் வைத்து, இடுப்பில் தோலுக்கடியில் தீப்பெட்டி அளவு பேட்டரியைப் புதைத்து ஐந்து வாரம் ஆகிறது. ஒயரில் ஓடும் மின்சாரம் வலியை மூளைக்குப் போகவிடாதாம். ரிமோட் என் கைப்பையில்.

அங்கே என் வீட்டுக்காரர் பைக்கோடு காத்திருந்தார். "நடந்தேவா வந்த, புள்ள?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மார்ச் 19, புதன்
தடுப்பூசி நாள். ஐஸ் பெட்டியை எடுக்கக் குனிந்தபோது விலாவில் சுளீரென்று ஷாக். காலுக்குப் போக வேண்டியது விலாவுக்கு ஏன் வருகிறது?

மார்ச் 24
இன்று மூன்று முறை. ரிமோட்டில் குறைத்தால் கால் எரிகிறது, கூட்டினால் விலா துடிக்கிறது. டாக்டரிடம் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. ஊரெல்லாம் என் பொண்டாட்டி நடக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். எப்படிச் சொல்ல?

ஏப்ரல் 2, புதன்
மோனிஷாவின் குழந்தை. ஒன்றரை மாதம். தொடையில் ஊசி இறக்கும் நேரம் பார்த்து ஷாக் அடித்தது. கை உதறி, ஊசி தொடையைக் கீறிவிட்டது. ரத்தம்.

மோனிஷா திட்டவில்லை. "ஏனுங்க சிஸ்டர், உங்களுக்கு உடம்பு சரியில்லீங்களா?" என்றாள். திட்டியிருந்தா தேவலை. இருபத்திரண்டு வருச சர்வீசு. தெரிஞ்சேதானே ஊசியக் கையில எடுத்தேன்? தெரிஞ்சேதானே —

ஏப்ரல் 3
அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருவரும் சேலம் போனோம். எக்ஸ்ரேயில் ஒரு ஒயர் நழுவியிருப்பது தெரிந்தது. "அன்னிக்கே வந்திருக்கலாமுல்லீங்க?" என்றார் டாக்டர். திரும்பி வந்ததும், இனி ஊசி போடும் வேலைக்கு வரமாட்டேன் என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 21
முதுகைத் திறந்து ஒயரைச் சரியான இடத்தில் வைத்தார்கள்.

மே 9
பேட்டரி இருக்கும் இடம் சிவந்து கொதிக்கிறது. தையலில் சீழ். எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். கிருமி ஒயர் வழியாக முதுகுத்தண்டுக்குப் போய்விடுமாம்.

"மறுபடி வெப்பீங்களா, சார்?"
"பார்க்கலாமுங்க."
நானும் நர்ஸ்தான். அந்தச் சொல்லை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

மே 12
எடுத்துவிட்டார்கள்.

மே 13
எரிகிறது.

ஜூன் 18
ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவேடு எழுதும் வேலை கொடுத்திருக்கிறார்கள். "நாந்தான் உன்னைய இந்த ஆபரேஷனுக்கு இழுத்துட்டுப் போனேன்" என்று அவர் தினமும் சொல்கிறார். "கொஞ்ச நாள் நல்லா நடந்தேனுங்களே" என்றேன். அவரைத் தேற்றத்தான் சொன்னேன். சொன்ன பிறகு எனக்குத்தான் அழுகை வந்தது.

ஜூலை 14
ராசிபுரத்திலிருந்து உண்ணாமலை என்று ஒரு அம்மா போன் செய்தார். அவருக்கும் இதே சிகிச்சை அடுத்த வாரமாம். டாக்டர்தான் என்னிடம் பேசச் சொல்லியிருக்கிறார்.

நடந்ததைச் சொன்னேன். ஷாக், குழந்தை, சீழ், எல்லாவற்றையும்.

"அப்ப செஞ்சுக்கட்டுங்களா, வேண்டாங்களா?"

வேண்டாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "எல்லாருக்கும் இப்படி ஆகறதில்லீங்க. ஏதாச்சும் ஆனா மட்டும் ஊட்டுல மறைக்காதீங்க" என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி
உண்ணாமலை அம்மா பேசினார். மகள் ஊருக்குப் போனவர் பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் ஒரு மைல் நடந்தாராம். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். ஷாக் அடிக்கிறதா, தையல் ஆறியதா என்று துருவித் துருவிக் கேட்டேன். ஒரு தொந்தரவும் இல்லை. சந்தோஷமாக இருந்தது. நிஜமாகவே சந்தோஷம்தான்.

"யாரு புள்ள போன்ல?" என்றார் அவர்.

"வலி தீர்ந்த ஒருத்தங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்திருக்க அவரிடம் கையை நீட்டினேன்.