புளியங்கொட்டை என்று எத்தனை பேரைக் கூப்பிட்டேன்

இயேசு மரி சூசை துணை
பொம்மிடி

அன்பு மகன் அந்தோணி பிரகாஷுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், புனேவில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ போன் எடுக்கவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு இருமல் பரவாயில்லை, கறுப்பாடு ரெண்டு குட்டி போட்டிருக்கிறது, அதில் ஒன்று பால் குடிக்க மாட்டேன் என்கிறது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, புளி உடைக்கிற வேலைக்குப் போனால் கீழே உட்கார்ந்து எழ முடியவில்லை. இதையெல்லாம் எழுதிக்கொண்டே சொல்ல வேண்டியதைத் தள்ளிப் போடுகிறேன், உனக்கும் அது தெரியும்.

நீ கேட்டது என் குரல்தான். உன்னோடு ரூமில் இருக்கிற பிரபாகர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினானே, அந்த 'தர்மபுரி அம்மா' நான்தான். பின்னால் உன் சத்தம் எனக்கும் கேட்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, நீ ஊருக்கு வந்தால் முகத்தை எங்கே வைப்பேன் என்று தெரியவில்லை. வேலைக்குப் போக முடியாமல் கிடந்தபோது பக்கத்து வீட்டு சுகுணாதான் என் போனில் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். தனியாக இருக்கிறவர்கள் கூப்பிடுவார்கள், பேசினால் காசு, பேச்சு பிடித்துப்போனால் அவர்களாக மேற்கொண்டு கிஃப்ட் போடுவார்கள். "நைசாப் பேசுக்கா, சும்மா சிரிச்சுக்கிட்டே இரு" என்றாள். நானும் டிவியில் பேசுகிறவள் மாதிரி பேசிப் பார்த்தேன், ஒருத்தரும் நிற்கவில்லை. கண்டதைப் பேசுகிறவனை நானே கட் பண்ணிவிடுவேன், அதை மட்டும் நம்பு. ஒரு நாள் ஒரு பையன் காய்ச்சலோடு குளித்தேன் என்றான், என்னையறியாமல் "காச்சலோட எவனாச்சும் தலைக்கு ஊத்துவானாடா, புளியங்கொட்டை" என்று திட்டிவிட்டேன். அவன் அழுதான், அழுதுவிட்டு கிஃப்ட் போட்டான்.

அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். நீ பிறந்தபோது கறுப்பாக, மினுமினுவென்று இருந்தாய் என்று நான் வைத்த பேர் அது, அப்பாகூட உன்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அதை எடுத்து ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் கொடுத்தேன். முதலில் ஒரு திட்டு, அப்புறம் சாப்பிட்டாயா, கடைசியில் அந்தப் பேர், இதுதான் அந்த அம்மா ஸ்டைல் என்று ஆகிவிட்டது. அந்தப் பேரை ஆரம்பத்திலேயே சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், போனை வைக்கப் போகிற நேரம் கொஞ்சம் மூச்சு வாங்கி மெதுவாகச் சொன்னால் கிஃப்ட் வருகிறது. இதையும் கற்றுக்கொண்டேன், பெற்றவள் செய்கிற காரியமா இது. அவர்களில் சில பேரை நினைத்து நிஜமாகவே எனக்குச் சோறு இறங்கவில்லை, அதுவும் உண்மைதான். ஆனால் போன மாதம் நீ வைக்கிறேன்மா என்றபோது உன்னிடமும் அதே மாதிரி மூச்சு வாங்கிவிட்டுத்தான் அந்தப் பேரைச் சொன்னேன். உனக்குத் தெரியவில்லை. நான் போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிரபாகரிடம் கோபப்படாதே, அவனை விட்டு ரூம் மாறவும் வேண்டாம். அவனுக்கு அம்மா இல்லை, பேசும்போதெல்லாம் அதைச் சொல்வான். நான் யாரென்று அவனிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஆப்பை எடுக்கச் சொல்லி சுகுணாவிடம் போனைக் கொடுத்தேன், "நல்லா வர்ற நேரத்துல உனக்கென்ன பைத்தியமாக்கா" என்று கேட்டுவிட்டு எடுத்தாள். அப்பா இன்னும் நான் கஸ்டமர் கேரில் பேசுகிறேன் என்றுதான் நினைத்திருக்கிறார், நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

மாதா உன்னை விட்டுவிட மாட்டாள், நல்ல புத்தியும் தேக சுகமும் கொடுப்பாள். மழை நேரம், வண்டியை மெதுவாக ஓட்டு. கடிதம் கைக்கு வந்ததும் ஒரு தடவை போன் எடு, மறந்துவிடாதே. நேற்று களி கிண்டிக்கொண்டே பிரகாஷ், பிரகாஷ் என்று கூப்பிட்டுப் பழகிப் பார்த்தேன், யார் வீட்டுப் பிள்ளையையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. இனிமேல் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நீயே சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
புஷ்பமேரி