நினைத்து இழுத்த கயிறு

தோஹா

அன்புள்ள ருமைஸாவுக்கு ஸலாம். உம்மாவின் முட்டுவலி தேவலையா? நான் இங்கே சுகம்.

நான் தரை துடைக்கும் ஆய்வுக்கூடத்தில் நேற்று ஒரு வேடிக்கை. கம்பிகள் வைத்த தொப்பியை என் தலையில் மாட்டி, கையை அசைக்காமல், அசைப்பதாக நினைக்கச் சொன்னார்கள். நினைத்தாலே மூளையின் நரம்பணுக்களில் மின்சாரம் ஓடுமாம். கம்ப்யூட்டர் அதைப் படித்துவிடுமாம்.

ஊரில் நான் சங்கு குளிக்க மூழ்கும்போது, தோணியில் கயிறு பிடிக்கும் உன் கூடப்பிறந்த மூத்த காக்கா, தல்ஹா மச்சான், "மூச்சு முட்டுனா ஒரு இழு இழு மாப்ள, தூக்கிருதேன்" என்பாரே! அந்த இழுப்பைத்தான் நினைத்தேன். திரையில் புள்ளி மேலே ஏறியது. எல்லோரும் கைதட்டிவிட்டு, வாளியைக் கையில் கொடுத்தார்கள்.

பாஸ்போர்ட்டை முதலாளி இன்னும் தரவில்லை, கவலைப்படாதே. யாராவது வந்தால் கொஞ்சம் மாசிக் கருவாடு கொடுத்தனுப்பு. வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது.

மச்சானிடம் சொல், கயிற்றை இழுத்துவிட்டேன் என்று.

உன் முஸம்மில்