மூன்றாம் குடம் வைக்க ஆணை

திரு நிறைக! நீலவரை நாடாளும் கோமான் கொற்றவேள் திருவடி தாங்கி நிற்கும் தலைமை அமைச்சர் விண்ணன் தாயனார், சங்கந்துறைப் பட்டினம் காக்கும் துறைத்தலைவர் ஏனாதி குமரனார்க்கு எழுதுவித்த ஓலை. தங்கள் துறையில் கலங்கள் நலமே கரை சேர்க, உப்பளங்கள் விளைக, குடிகள் வாழ்க.

தங்கள் விண்ணப்பத்தைப் படிக்கக் கேட்ட அமைச்சர் அன்று உணவு கொள்ளவில்லை. சாட்சிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் எடுத்து, மெய்க்குடத்திலோ பொய்க்குடத்திலோ இடுவது நம் மன்றங்களின் வழக்கம். மாலுமி தேவன் சாத்தன் என்பவன் புயலில் மூழ்கக் கண்டதாகக் கலம் செலுத்தும் மீகாமன் ஒருவனும், புயலுக்குப் பின் அவனை அயல்தீவில் உயிரோடு கண்டதாக ஒரு வணிகரும் சத்தியம் செய்ய, இருவருமே பழுதற்றவர் என்பதால் இரு கற்களையும் தாங்கள் மெய்க்குடத்தில் இட்டுவிட்டீர்கள். நல்லவரைப் பொய்யர் என்னத் தங்களுக்கு மனம் வரவில்லை; அதை அமைச்சர் குறை கூறார்.

ஆனால் சாத்தனின் தம்பி பொன்னன், இறந்தான் என்பதும் இருக்கிறான் என்பதும் ஒருசேர மெய்யாகுமாயின் எதுவும் மெய்யாகும் என்றும், ஆகவே அண்ணனின் வீடும் தோணியும் தனக்கே என்றும், அண்ணி தாலி களைய வேண்டும் என்றும் வாதிட, மன்றத்தார் தீர்ப்பை ஒத்திவைத்தனராம். ஒத்திவைக்க இதில் என்ன இருக்கிறது? இவ்வழியே விட்டால் நாளை அரண்மனையும் தனதென்பான், கடலும் தனதென்பான். அமைச்சருக்கு வந்த சினம் சிறிதன்று.

சாத்தன் மனைவி தாழங்கண்ணியோ, வீடும் வேண்டாம், தோணியும் வேண்டாம், தான் உலை வைப்பது ஒருவர்க்கா இருவர்க்கா என்பதை மட்டும் மன்றம் சொல்லட்டும் என்று கேட்டாளென எழுதியிருந்தீர்கள். அவ்வரியை மறுபடியும் படிக்கச் சொன்னார் அமைச்சர்.

ஆதலால் கோமான் திருவுளம் அறிந்து விதிப்பதாவது: மன்றத்தில் மூன்றாவதாக ஒரு குடம் வைக்கவும். ஒன்றோடொன்று முரணும் சொற்களும், மெய்யோ பொய்யோ எவர்க்கும் விளங்காத சொற்களும் அதில் கிடக்கட்டும். அதனால் சாட்சி சொன்னவர் பொய்யராகார். அக்குடத்துக் கல்லைக் காட்டி எவரும் எதையும் கவரலாகாது. பின்னர் மீட்க இயலாத எதையும் அதன் பேரால் செய்யலாகாது. தாலி அவள் கழுத்தில் இருக்கும். தோணி அவள் துறையில் நிற்கும். பொன்னன் மீறினால் சிறை.

இதன் கீழ் அரச இலச்சினை பொறிக்கப்பட்டது. பொறித்த பின் அமைச்சர் சேர்க்கச் சொன்ன ஆணை இன்னொன்று: ஏனாதியார் ஆள் அனுப்பாது தாமே தாழங்கண்ணி மனைக்குச் சென்று, அமராமல் நின்று, அவள் கணவன் இருக்கிறானா என்பது அரசுக்குத் தெரியவில்லை என்று அவளிடம் சொல்லவும். அவள் அழுதால், அழுது முடியும்வரை அங்கேயே நிற்கவும்.