கோகு பாதையை எடுத்துவிடு

கிசாலே மருந்தகம்,
மொரோகோரோ.
செப்டம்பர், ஞாயிறு.

எலிசாந்தேவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்த முறை கேட்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நான் கத்தினால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன். கல்யாணமான இந்த நாலு வருடத்தில் நம் சண்டை எல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கிறது. இது அப்படி முடியக் கூடாது. அதனால் தாள்.

முதலில் வேலை. உங்கள் அருஷா கம்பெனியின் மலையேற்றச் செயலியில் 'கோகு பாதை' என்று ஒன்றைப் போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. இந்த வரியோடு நிறுத்திவிட்டுப் போய் எடு. எடுத்த பிறகு மீதியைப் படி.

நான் டோடோமா பயிற்சிக்குப் போவதற்கு முன் நீ போனில் சொன்னாய், "உனக்கு ஒரு பரிசு வெச்சிருக்கேன், இப்ப சொல்ல மாட்டேன், திரும்பி வந்ததும் தெரியும்." தெரிந்தது.

ஆறு வாரம் கழித்துச் செவ்வாய்க்கிழமை திரும்பினேன். வியாழன் மலைமேல் இருக்கும் மேல்குடி ஊருக்குத் தடுப்பூசி நாள். குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வழக்கமான ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். சிக்குதானி அம்மாவின் முற்றத்துக்கு முன்னால், பலா மரத்தடியில் நின்றேன்.

ஹோடி என்றேன்.

அடுக்களைக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம்.

ஹோடி.

சத்தம் நின்றது.

ஹோடி.

கரிபு என்று யாரும் சொல்லவில்லை. மூன்று முறை 'வரலாமா' என்று கேட்டும் 'வா' என்று வராவிட்டால் திரும்பிவிட வேண்டும். மச்சாமேயில் உன் அம்மா வீட்டிலும் இதுதானே வழக்கம். திரும்பினேன். கீழே இறங்கி, வண்டிச் சாலையைச் சுற்றிக்கொண்டு மேல்குடி போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. தாய்மார்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு வயலுக்குப் போயிருந்தார்கள். பதினொரு குழந்தைகளுக்குப் போட வேண்டும். இரண்டுக்குத்தான் போட்டேன்.

ஜனவரியில் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு யாரையும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நடந்தேன். எந்தப் பாதை எங்கே போகிறது என்று கேட்காமல் நடந்தேன். ஒன்று வாழைத் தோப்பில் முடிந்தது. ஒன்று ஓடைக்குப் போய், அக்கரையில் தொடர மறுத்தது. ஒன்றில் வழுக்கி விழுந்து முழங்கை தோல் உரிந்தது. இதெல்லாம் உனக்கு எழுதினேன். சனிக்கிழமை மாலைப் பேருந்தில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, ஞாயிறு புதிதாக ஒரு பாதை தேடுவேன். அடுத்த கடிதத்தில் எழுத ஏதாவது வேண்டுமே.

நாலாவது ஞாயிறு கிடைத்தது இந்தப் பாதை. பலா மரம் தாண்டி, யாரையும் கேட்காமல் ஒரு முற்றத்தைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல். "ஏ பொண்ணே! திரும்பி வா. இன்னும் வா. மரத்துக்குக் கீழ போய் நில்லு. இப்பச் சொல்லு, என்ன சொல்லணும்?" அதெல்லாம் வீட்டு வாசலில் சொல்வது, இது பாதைதானே என்றேன். "நீ நடக்குற இடத்துலதாம்மா நான் பாத்திரம் கழுவுறேன். நீ குளிக்கிற இடத்துல நான் வந்து நடக்கட்டுமா?" என்றார். ஹோடி என்றேன். உடனே முகம் மாறி, கரிபு, கரிபு என்று வேகவைத்த சேப்பங்கிழங்கைக் கையில் திணித்தார். அதுதான் சிக்குதானி அம்மா. தனி ஆள். பீன்ஸும் கிழங்கும் போட்டு, தலையில் சுமந்து கீழே சந்தைக்குப் போகிறவர். இந்த மலையில் என்னை முதலில் உட்காரச் சொன்னவர்.

இதையும் உனக்கு எழுதினேன்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். மேல்குடியிலிருந்து இறங்கும்போது வண்டிச் சாலையில் மூன்று பேர் எதிரே வந்தார்கள். தார் எஸ் சலாமிலிருந்து வந்த பையன்கள். பூட்ஸில் இன்னும் மண் ஒட்டவில்லை. "அக்கா, கோகு பாதை எந்தப் பக்கம்? நெட் கட் ஆயிடுச்சு, ஆனா எழுதியிருக்கிறது இருக்கு" என்று ஒருவன் போனைப் பார்த்துப் படித்தான். "பலா மரத்தைத் தாண்டினால் புகை வரும் ஒரு முற்றம். இந்த மலையில் உங்களுக்கு மூச்சு திரும்பும் இடம் அதுதான்."

படித்துவிட்டு நண்பர்களைப் பார்த்தான். "எவனோ செமையா எழுதியிருக்கான்ல?"

எவனோ.

மே மாதம், மழையில் வெளியே போக முடியாத ஒரு மதியம், கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்துவிட்டு நான் உனக்கு எழுதிய வரி அது. 'எனக்கு மூச்சு திரும்பும் இடம்' என்று எழுதினேன். நீ 'உங்களுக்கு' என்று மாற்றியிருக்கிறாய். இரண்டு வரிக்கும் நடுவில் இன்னொரு வரி எழுதியிருந்தேன். 'மரத்தடியில் நின்று ஹோடி சொல். பதில் வரும்வரை கால் எடுத்து வைக்காதே. நான் வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.' அதைக் காணோம். இடம் போதவில்லையா? படிக்கிறவர்களுக்கு அலுப்பாக இருக்கும் என்று நினைத்தாயா?

அந்த ஒரு வரிதான் பாதை. மீதி எல்லாம் புல்.

என்ன நடந்தது என்று தாபு சொன்னாள். மருந்தகத்தில் தரை துடைக்கிறவள். வாளியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உன் மாமியார் வீட்டு ஆளுங்க நல்ல பசிக்காரங்கதான் போ. ஊரே சிரிக்குது."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

நான் டோடோமா போன வாரமே முதல் கூட்டம் வந்திருக்கிறது. ஒன்பது பேர். மரத்தடியில் நிற்கவில்லை. நேராக முற்றத்துக்குள். சிக்குதானி அம்மா திகைத்துப்போய் யார் நீங்கள் என்று கேட்டிருக்கிறார். கோகு பாதையில வந்தோம் என்று ஒருத்தி சொன்னாளாம். யார் அனுப்பியது என்றதற்கு இன்னொருவன், "எலிசாந்தே அண்ணன்தான் போட்டிருக்காரு, அவரைத் தெரியுமா?" என்றானாம்.

தெரியாமல் இருக்குமா? உன் பெயரைச் சொல்லாமல் நான் அந்த முற்றத்தில் ஒருநாளாவது உட்கார்ந்திருக்கிறேனா?

உன் பெயர், என் பெயர், வடக்கத்திப் பேச்சு. சம்பந்தி வீட்டார் என்று நினைத்துவிட்டார் எலிசாந்தே. மருமகளைப் பார்க்க வந்திருக்கிறார்கள், மருமகள் ஊரில் இல்லை என்று. பாய் விரித்தார். முட்டையிடுகிற புள்ளிக் கோழியைப் பிடித்து அறுத்தார். ஒன்பது பேரும் சாப்பிட்டார்கள். அவர்கள் உன் செயலியில் எழுதியிருப்பதை நான் பார்த்தேன். 'மலை மக்கள் அன்பானவர்கள். இலவசச் சாப்பாடு.'

அதைப் படித்து அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு பேர். இரண்டாவது கோழி. அதற்கடுத்த சனி பதினேழு பேர். கோழி இல்லை, கிழங்கு. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று தாபு கேட்டதற்கு, "அந்தப் பொண்ணு ஊர்ல இல்லாதப்ப அவ ஆளுங்களைப் பட்டினியா அனுப்பினேன்னா, நாளைக்கு அவளை மச்சாமேயில என்ன பேச்சுப் பேசுவாங்க?" என்றாராம்.

என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

நாலாவது சனி, அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதை பீன்ஸை இறக்கி வேகவைத்தார். நவம்பர் மழைக்கு வைத்திருந்தது. ஐந்தாவது சனி, ஒரு பெண் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி, பையைத் திறந்து எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "எந்தச் சம்பந்தி வீட்டுக்காரி தின்னுட்டு விலை கேப்பா?" என்று தாபுவிடம் கேட்டிருக்கிறார். அதன் பிறகு அந்த அடுக்களையிலிருந்து யாருக்கும் கரிபு வருவதில்லை.

ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். ஆறாவது சனி ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டே அடுக்களைக்குள் நுழைந்து, அடுப்பைத் தாண்டி, பின்வாசலால் வெளியேறினானாம். "ஸாரி அம்மா, வழி இப்படித்தான் காட்டுது."

நம்பவில்லை. அந்தப் பையன்களில் ஒருவன் அன்று தன் போனிலிருந்தே அனுப்பி என் போனில் செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தான். திறந்து பார்த்தேன். உண்மைதான். பாதை பலா மரத்தடியில் இடப்பக்கம் வளைந்து, முற்றத்தின் ஓரமாக, வாழைகளை ஒட்டிப் போகும். உன் நீலக் கோடு வளையவில்லை. அடுக்களைக்கு நடுவே போகிறது. நீ நடந்திருந்தால் அது வளைந்திருக்கும். அருஷாவில் உட்கார்ந்து, என் கடிதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையில் விரலால் இழுத்திருக்கிறாய்.

கோட்டுக்குக் கீழே எழுதியிருக்கிறாய்: 'எங்கள் வழிகாட்டி நேரில் நடந்து சரிபார்த்தது.'

எப்போது நடந்தாய்?

ஏப்ரலில் ஈஸ்டருக்கு வருகிறேன் என்றாய். ஜூனில் கிளிமஞ்சாரோ சீசன் தொடங்கிவிட்டது. ஆகஸ்டில், சீசன் முடியட்டும் கோகு என்றாய். ஊர் பேர் தெரியாதவர்களை ஐந்து நாள், ஆறு நாள் கை பிடித்து மலை உச்சிக்குக் கூட்டிப்போகிறாய். ஒன்பது மாதம். என் அறை வாசல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

நான் ஏன் அவ்வளவு விவரமாக எழுதினேன் என்று நினைக்கிறாய்? எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும், எந்த மரத்தில் திரும்ப வேண்டும் என்றெல்லாம்? ஊருக்கு வழி சொல்லவா?

நேற்று சனிக்கிழமை. விடிந்ததும் போய்ப் பலா மரத்தடியில் நின்றுகொண்டேன். பதினான்கு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பினேன். சண்டை போட்டார்கள். ஒருவன், தலையில் விளக்கு மாட்டியிருந்தான், பட்டப்பகலில். "இது கோகு பாதை, எல்லாருக்கும் பொது. தடுக்க நீ யாரு?" என்றான். நான்தான் கோகு என்றேன். அவன் என் ரப்பர் செருப்பைப் பார்த்தான். "கோகுன்னா ஏதோ பறவைன்னு நினைச்சேன்" என்றான். அவனோடு வந்தவர்கள் சிரித்தார்கள். நான் கீழே கிடந்த அழுகின பலாப்பழத்தைக் கையில் எடுத்தேன். போய்விட்டார்கள்.

எறிந்திருப்பேன். உன் மேல் என்று நினைத்து எறிந்திருப்பேன்.

கடைசி ஆள் போன பிறகு சிக்குதானி அம்மா அடுக்களை வாசலுக்கு வந்தார். காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கரிபு சொல்லவில்லை. அங்கிருந்தே கேட்டார். "அவன் பேரைச் சொல்லிட்டு வந்தவனுக்கெல்லாம் ஆக்கிப் போட்டுட்டேன். அவனை மட்டும் இன்னும் பாக்கலியே. எப்படி இருப்பான் உன் வீட்டுக்காரன்? உயரமா?"

மனதுக்குள் உன்னை என் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன் எலிசாந்தே. ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருந்தது.

உயரம்தான் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

விதை வாங்கித் தரலாமா என்று தாபுவிடம் கேட்டேன். சந்தை விதையைக் கொண்டுபோய் நீட்டினால் நானும் விலை கேட்டவளோடு சேர்ந்துவிடுவேன் என்றாள். சரியாகத்தான் சொல்கிறாள்.

அதனால் கேள். மச்சாமேக்குப் போ. உன் அம்மாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல். அவர் கையால் விதை பீன்ஸ் ஒரு பை. அவர் வளர்க்கிற கோழிகளில் முட்டையிடுகிறது ஒன்று. காலைக் கட்டிப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வா. பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிக்கட்டும். சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு ஆள் உண்மையாகவே வரட்டும்.

மொரோகோரோ பேருந்து நிலையத்திலிருந்து எப்படி வருவது என்று எழுத மாட்டேன். இனி எந்த வழியும் எழுத மாட்டேன். நிலையத்தில் நான் நிற்கிறேன். ரப்பர் செருப்புதான் போட்டிருப்பேன், அடையாளத்துக்கு.

மரத்தடிவரை கூட வருவேன். ஹோடி நீதான் சொல்ல வேண்டும். மூன்று முறை. பதில் வராவிட்டால் இறங்கிவிடுவோம். மறுநாள் மறுபடி ஏறுவோம். அதற்கு மறுநாளும். பதில் வர எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. அத்தனை நாளுக்கும் விடுப்புச் சொல்லிவிட்டு வா.

மலையிறங்கும்போது இடது முழங்காலைப் பார்த்துக்கொள். கடவுள் உன் கால்களைக் காக்கட்டும், இந்தப் பக்கமும் ஒருமுறை திருப்பட்டும்.

கோகு என்பது இப்போது ஊர் பேர் தெரியாதவர்கள் வாயில் இருக்கிறது. அதனால் முழுப் பெயரில் முடிக்கிறேன்.

உன் மனைவி,
கோகுஷுபிரா