புத்தகத்தின் பெயரைச் சொல்லாத அக்காவுக்கு

என் உமாக்கா,

இல்லை, காலேஜுக்குத் திரும்பிப் போகவில்லை. நீ முதலில் அதைத்தான் கேட்பாய், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜினியரிங் படித்து முடித்தவர்களுக்கு இப்போது மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உன் ஸ்கூட்டரில்தான். பிரியாணியில் முட்டை இல்லை என்று லிஃப்ட் வாசலில் நின்று கண் கலங்குகிறான் ஒருவன். இவனைப் போல ஆவதற்குத்தானா என்னை அந்தப் பாடு படுத்தினாய்?

இன்று சாயங்காலம் கரமனையில் உனக்கு ஒரு கூட்டம். வாசகர் வட்டம் நடத்துகிறது. சிரிக்காதே. நீ இருந்தபோது வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்கு மேல் உன்னை வரவிடாத அதே வட்டம்தான். மாதத்துக்கு ஒரு தடவை கூடி, காப்பி குடித்து, உளுந்துவடை தின்று, ஒருத்தர் தோளில் இன்னொருத்தர் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, 'தமிழ் அழிகிறதே' என்று கவலைப்பட்டுக் கலைகிற அதே ஆட்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் ஒன்றுக்கும் தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாது. அதைப் பற்றி ஒருத்தரும் பேசமாட்டார்கள், வடை ஆறிவிடும்.

போன மழையில் நீ போனாய். போன மறுவாரமே நீ 'தமிழ் ஆர்வலர்' ஆகிவிட்டாய். பட்டம் கிடைக்க இந்த ஊரில் அதுதான் வழி போலிருக்கிறது.

கூட்டத்தில் நான் ஒரு காரியம் செய்யவேண்டுமாம். 'அமரர் உமா பரிந்துரைத்த நூல்கள்' என்று ஒரு தாள் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அதை மைக்கில் நான் வாசிக்க வேண்டும். அது நீ சொன்ன பட்டியல் இல்லை. நான் வாசித்துவிட்டால் அது நீ சொன்னதாகிவிடும். இவ்வளவுதான் விஷயம். ஹாலுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து இதைப் போனில் அடித்துக்கொண்டிருக்கிறேன். உன் குரூப்பிலேயே போடப்போகிறேன். குரூப்பில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது, தெரிந்த யாராவது வாசித்துக் காட்டட்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். உமாக்கா ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதினாள். மிளகாய், மல்லி, காயம். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து போனில் பேசுவாள். தும்மலுக்கு நடுவே பேசுவாள். அது வாய்ஸ் மெசேஜாக எங்கள் குரூப்புக்கு வரும். தமிழ் பேசத் தெரிந்து வாசிக்கத் தெரியாத ஆட்கள்தான் அந்தக் குரூப்பில் அதிகம். எல்லோரும் மலையாளம் படித்த தமிழ்ப் பிள்ளைகள். எனக்கே நாகர்கோவில் பஸ்ஸின் போர்டைப் பார்த்துப் பார்த்துதான் எழுத்து பிடிபட்டது.

அக்கா புத்தகத்தின் பெயரைச் சொல்லமாட்டாள். எழுதினவர் யார் என்றும் சொல்லமாட்டாள். இந்த ஊரில் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்பாள். அதற்கு ஏற்ற ஒரு புத்தகம் வைத்திருப்பாள்.

"பொங்காலை அன்னைக்கு நம்ம தெரு பிடிக்குமா? ரோடு பூரா செங்கல்லு, அடுப்பு, கண்ணைத் தொறக்க முடியாத புகை. பக்கத்துல நிக்கது மாமியாரா மருமகளான்னு தெரியாது. அப்போ உனக்கு ஒரு கொலைக்கதை தாறேன். செஞ்சது யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாது. புகையில நின்னு பழகுனவளுக்குத்தான் அது ருசிக்கும்."

"கல்யாணத்துல போளி மேல பால்பாயசத்த ஊத்தித் தின்னுவியா? இந்தக் காதல் கதை உனக்குத்தான். கொஞ்ச நேரத்துல திகட்டும். ஆனா இலையை மூட மாட்ட."

"ஹர்த்தால் அன்னைக்கு மெயின் ரோட்டு நடுவுல தனியா நடந்திருக்கியா? ஒரு பேய்க்கதை இருக்கு. பேய் ஒண்ணும் அவ்வளவு பயமில்ல. ஊரு காலியாக் கெடக்கு பாரு, அதுதான் பயம்."

"செக்ரட்டேரியட் முன்னால போராட்டம்னு பந்தல் போட்டுப் பாய விரிச்சுக் கெடக்கானே, அவனைக் கண்டா உனக்கு என்ன தோணுது? சிரிப்பு வந்தா ஒரு புக்கு, கோவம் வந்தா வேற புக்கு. கடைக்கு வந்து சொல்லு."

ஆசைப்பட்டவர்கள் கடைக்குப் போவார்கள். புத்தகத்தைப் பழுப்புத்தாளில் அட்டை போட்டுக் கொடுப்பாள், மேலே ஒன்றும் எழுதியிருக்காது. வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தினம் கொஞ்சமாக அவளே வாசித்து அனுப்புவாள். ஏன் பெயரை மறைக்கிறாய் என்று நான் ஒரு தடவை கேட்டேன். "பேரு சொன்னா 'ஆமா ஆமா, நல்ல புக்கு'ன்னு தலையாட்டிட்டுப் போயிருவானுவோ. எவனும் படிக்க மாட்டான்" என்றாள். உண்மை. பெயரை மட்டும் படித்தே பெரிய வாசகர் ஆனவர்கள் வெள்ளை வேட்டியோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்.

வட்டத்தின் செயலாளர் ரமணி சார் போன மாதம் வீட்டுக்கு வந்தார். அக்கிரஹாரத் தெருக்காரர், பென்ஷன் வாங்குகிறவர், ஒரு வாக்கியத்தை இரண்டு தடவை சொல்லாமல் விடமாட்டார்.

"உங்கக்கா ஒரு ரத்னம்டா கண்ணா. ரத்னம். அவ சொன்ன புஸ்தகங்களோட பேரெல்லாம் எழுதிக் குடு. அச்சுல போட்டுடலாம்."

"பேரு சொல்லலியே சார், அவ."

"அப்போ அந்த அட்டையெல்லாம் பிரிச்சுப் பாத்து எழுதேன்."

"பிரிக்க மாட்டேன். வேணும்னா வாய்ஸ் மெசேஜ் இருக்கு, கூட்டத்துல போடலாம்."

அவர் முகம் சுண்டிப்போனது. உன் மெசேஜ்களை அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. "அதெல்லாம் சபையில போடற விஷயமாடா? பொங்காலைக்குக் கொலைக்கதையாம். பாயசத்துக்குக் காதலாம். கேக்கறவா என்ன நெனைப்பா? போனவா பேர நாமதான் உசத்தணும்."

ஆக, அவரே உட்கார்ந்து உன்னை உயர்த்திவிட்டார். தாள் வந்தது. ஊரின் இனிமைகள் என்று மேலே போட்டிருக்கிறது: ஆலயம், கலை, பண்பாடு, கடற்காற்று. ஒவ்வொன்றுக்கும் கீழே தடித்தடியாகப் புத்தகங்கள். கல்வெட்டு ஆராய்ச்சி, தலபுராணம், ஒழுக்க போதனை. ஒரு பஸ் இல்லை, ஒரு மிளகாய் மூட்டை இல்லை. இந்த ஊரில் யாரும் வியர்ப்பதே இல்லை என்று நினைக்கத் தோன்றும். ஆலயம் என்ற இடத்தில் முதலாவதாக நிற்பது எது தெரியுமா? ரமணி சார் சொந்தச் செலவில் அச்சடித்தாரே, திருக்குளங்களைப் பற்றி, அது. கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாகக் கிடந்ததை விற்பதற்கு உன் பிணம் வேண்டியிருந்தது.

தம்பானூரில் லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கிற ராஜிக்கு அந்தத் தாளைக் காட்டினேன். உன் குரலைக் காதில் மாட்டிக்கொண்டே ரூம் சாவி கொடுப்பாளே, அவள்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எடா, எனக்கு இது வாயிக்கத் தெரியாதில்லே. ஒண்ணு வாசிச்சுத் தா."

வாசித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மதி, மதி, போதும். இது உமாச்சி சொன்னதே இல்லல்லோ. ஆருடா எழுதினது, ஏதாவது மந்திரியா?"

"ரமணி சார்."

"அய்யே. நீ இதை மைக்ல வாசிக்கப் போறியா?"

ஆர்டர் வந்தது என்று பொய் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

உன் குரலையே போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போனைத் திறந்து கடைசி மெசேஜுக்குப் போனேன். தம்பானூர் முங்கின அன்றைக்கு நீ அனுப்பியது. பின்னால் தண்ணீர்ச் சத்தம், யாரோ ஒரு கண்டக்டர் கத்துகிறான், நீ சிரிக்கிறாய். "முட்டளவு தண்ணி. செருப்பு கையில. ஒரு ஆட்டோ படகு மாதிரி போகுது. இந்த வெள்ளம் யாருக்காவது பிடிக்கும்னா, அதுக்கும் ஒரு புக்கு இருக்கு. இரு, கரையேறிட்டுச் சொல்லுதேன்."

கரையேறினாய். காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தத் தண்ணீரில்தான் வாங்கிவந்திருப்பாய் என்றும் சொன்னார்கள். அது எந்தப் புத்தகம் அக்கா? வீட்டில்தான் இருக்கிறதா, கடையில் மூட்டை இடுக்கில் கிடக்கிறதா? வெள்ளம் பிடித்துப்போகிற அளவுக்கு அதில் என்னதான் எழுதியிருந்தது?

அம்மாவிடம், கூட்டத்தில் உன் குரலைப் போடட்டுமா என்று கேட்டேன். அம்மா நீ போனதிலிருந்து அந்தக் குரூப்பைத் திறந்ததில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமலே சொன்னாள். "ஸ்பீக்கர்ல அவ பேசி நான் கேட்டேன்னா, அங்கயே விழுந்துருவேன் பாத்துக்க. அந்தத் தாளையே வாசிச்சுருல. புள்ளைக்கி பேரு அச்சுல வந்திருக்கு. நாலு பெரிய மனுஷன் நம்ம வீட்டப் பத்திப் பேசுதான். நீ ஒண்ணும் கெடுத்துராத."

நான் எதையுமே பாதியில் விட்டுவிட்டு வருகிறவன் என்று அம்மாவுக்குத் தெரியும். இதையாவது முழுதாகச் செய் என்கிறாள். அந்த வெள்ளை வேட்டிகளை எனக்குக் கண்ணால் கண்டால் ஆகாது. ஆனால் அம்மா அவர்களைப் பார்த்துக் கும்பிட்டு நிற்கிறாள். அவர்களைத் திட்டினால் அம்மாவைத் திட்டினதாகிவிடுமோ என்று ரெண்டு நாளாக ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டே இருந்தேன். வாசித்துத் தொலைத்துவிடலாம், செத்தவளுக்கு என்ன தெரியப்போகிறது என்றுகூட நினைத்தேன். தெரிந்தால் மன்னிக்க மாட்டாய். அதுவும் தெரியும்.

இன்று மத்தியானம் புடவை மாற்றிக்கொண்டு அம்மா அந்தத் தாளைக் கேட்டாள். அதுவரை உன் போட்டோவை மட்டும்தான் பார்த்திருந்தாள், கீழே வாசிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து வாசித்தாள். விரல் ஆலயத்தில் நின்றது.

"லேய் கண்ணா. இது அந்தக் கொளத்துப் புக்குல்லா?"

"ஆமா. அவரு எழுதுனது."

"இதையா அவ படிக்கச் சொன்னான்னு போட்டிருக்கான்?"

"ஆமாம்மா."

அம்மா அடுக்களைக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் அந்தப் புத்தகம். அட்டையில் வட்டமாகக் கருப்புத் தடம், ஒன்றின்மேல் ஒன்றாக. "சார் கொண்டாந்து குடுத்த அன்னைக்கே உங்கக்கா, 'நல்ல கனமா இருக்கும்மா'ன்னு சொல்லி சாம்பார்ச் சட்டிய எறக்கி இதுமேல வச்சா. இன்னைக்குக் காலையிலயும் நான் இதுமேலதாம்ல வச்சேன்."

சொல்லிவிட்டு சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு கட்டிலில் உட்கார்ந்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நீ போனபிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது இப்போதுதான். நானும் சிரித்தேன். உன்னைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ இத வாசிக்காதல" என்றாள். "வாசிச்சேன்னா நான் சபையில சிரிச்சிருவேன். நாறிப்போயிரும்."

"அப்போ என்ன செய்ய?"

"அவ என்ன செய்வாளோ, அதச் செய்யி."

சாப்பாடு கொண்டுபோகிற பையில் உன் பழுப்புத்தாள் புத்தகங்களை அடைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ரமணி சாரின் தாளை நான் வாசிக்கமாட்டேன். இது உனக்குச் சத்தியம். இந்த ஊரில் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று மைக்கில் கேட்பேன். உண்மையைச் சொல்கிறவர்களுக்கு ஒன்று எடுத்துக் கொடுப்பேன். அட்டையைப் பிரிக்காமல் நடுவில் நாலு வரி வாசித்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும், எது யாருக்குப் பொருத்தம் என்று நீ சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பண்பாடு என்று எவனாவது சொன்னால் அவன் வடையைத் தின்றுவிட்டுப் போகட்டும்.

ஜன்னல் வழியாக உள்ளே தெரிகிறது. ரமணி சார் வரவேற்புரையில் இருக்கிறார், உமா தனக்கு மகள் மாதிரி என்கிறார், இரண்டு தடவை. தன் நூலை நீ எப்படிப் போற்றினாய் என்று இப்போது ஆரம்பித்துவிட்டார். அம்மா முன்வரிசையில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் இருக்கிற மாமி முதுகைத் தடவுகிறாள்.

என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். போகணும்.

உன் தம்பி,
கண்ணன்