வெளுத்த முட்டைகள்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமென்று நம்பி எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், ஆனால் கோழிகளிலிருந்து தொடங்கினால்தான் உனக்குப் புரியும். போன மாதம் நம் பழுப்பு முட்டைகள் வெளுக்க ஆரம்பித்தன. வெயில் என்று நினைத்து விட்டுவிட்டேன். கடைக்காரர் தட்டைத் திருப்பிக் கொடுத்து, என்னக்கா, முட்டைக்குப் பவுடர் பூசி அனுப்புறீங்களா என்று சிரித்தார். உடைத்தால் மஞ்சள் கருவில் திட்டுத் திட்டாகக் கறை, அடைவைத்ததிலும் பாதி குஞ்சு பொரிக்கவில்லை. கால்நடை மருத்துவர் கோழிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே தீவனத் தொட்டிக்குப் போனார். கறிக்கோழிக் குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வராமலிருக்க மருந்து கலந்து வருமே, அந்தத் தீவனம் முட்டைக் கோழிகளின் தொட்டியில் கிடந்தது. கோழிக்கு ஒண்ணும் ஆகாது, மருந்து முட்டையிலதான் காட்டும், நிறுத்தினா நிறம் திரும்பிடும், அதுவரைக்கும் விக்காதீங்க என்றார்.

தீவனம் போடுகிறவர் அப்பாதான். மருந்து மூட்டையின் வாயை நான் எப்போதும் சிவப்புக் கயிற்றால்தான் கட்டுவேன். இவ்வளவு பெரிய கயிறு கண்ணுக்குத் தெரியலையா என்று கத்திவிட்டேன். முட்டை பொறுக்குகிறவரும் அவர்தானே, வெளுத்ததைத் தினமும் கையில் எடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. பிறகு அவரே, எதைப் பார்த்தாலும் நடுவுல சாம்பலா இருக்கு, உன் மூஞ்சியும் அப்படித்தான், ஒரு வகையில நல்லது, நீ முறைக்கிறது தெரியல என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லையடி. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்ற ஊசி போடலாம் என்கிறார் கண் மருத்துவர். நீ பதறிக்கொண்டு கிளம்பாதே, கைக்குழந்தையோடு அலைய வேண்டாம்.

அந்த முட்டைகளையெல்லாம் குழியில் கொட்டி மூடினோம். இப்போது நிறம் வந்துவிட்டது. நேற்று அப்போதுதான் இட்ட ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்து, நல்லா பழுப்பா இருக்குங்க என்றேன். அந்தச் சூட்டைத் தடவிக்கொண்டே, நீ சொன்னா சரி என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் சொல்லாத வார்த்தை அது.

மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, குழந்தையின் படத்தை அனுப்பி, யார் ஜாடைப்பா என்று அவரைக் கேட்காதே. நீயே சொல்லிவிடு. போன தடவை, அப்படியே நீதான் என்றாரே, அது பார்த்துச் சொன்னதில்லை.

என்றும் உன்
அம்மா