ஒரு சுற்று பிந்தி

காக்கா,

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கொதிக்க ஆரம்பித்துவிட்டது. வெந்தயமும் பூண்டும் கலந்த வாசனை தெரு முழுக்க வருகிறது. உங்களுக்கு எழுத வேண்டுமென்று உட்காரவில்லை. பயத்தில் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, எழுதுகிறேன். என்னைக் கட்டிய மச்சான் வேலை பார்க்கும் சரக்குக் கப்பல் இன்றைக்கு அந்தக் குறுகலான கடலுக்குள் நுழைகிறது. உங்களைக் கொண்டுபோன அதே கடல். "உள்ள நுழையப் போறோம், துஆ செய்" என்று காலையில் ஒரு மெசேஜ் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. வாசலில் நின்றால் தெரியும் நம் தொண்டிக் கடல் இன்றும் குளம் மாதிரிக் கிடக்கிறது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சின்ன வயதில் இந்த வாசனை வந்தால் அண்ணன் தங்கை நம் இருவருக்கும் விண்வெளிப் போர் தொடங்கும் நேரம். நோன்பு திறக்கும்வரை பசி தெரியக் கூடாதென்று நீங்கள் உண்டாக்கிய விளையாட்டு. தரையில் சாக்பீஸ் கட்டம். என் கப்பல்கள் பேரீச்சங்கொட்டை, உங்களுடையவை புளியங்கொட்டை. ஒருவர் கப்பல் மற்றவருக்குத் தெரியாமல் நடுவில் ஒரு தலையணை. நான் என் கப்பல்களை அழகாக வரிசைகட்டி நிறுத்துவேன். எட்டிப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

"ஏ புள்ள, இது என்ன கந்தூரி ஊர்வலமா? ஒட்டி ஒட்டி நின்னா ஒரே அடியில அம்புட்டும் போயிரும்."

அதற்கப்புறம்தான் அந்த நாசமாய்ப் போன விதியைக் கொண்டுவந்தீர்கள். எதிராளி கேட்டால் நம் கப்பல் இப்போது நிற்கும் இடத்தைச் சொல்லக் கூடாது. போன சுற்றில் நின்ற இடத்தைத்தான் சொல்ல வேண்டும். விண்வெளியில் தூரம் அவ்வளவு, வெளிச்சம் வந்து சேரவே நேரமாகும், நாம் பார்ப்பதெல்லாம் பழைய காட்சி என்று விளக்கம் வேறு. நான் கவனமாகக் குறிவைத்து அடிப்பேன். அங்கே ஒன்றும் இருக்காது. "நீ பாத்தது பழைய கப்பல்" என்பீர்கள். கள்ளாட்டம் என்று கத்துவேன். "நோன்பு வச்சிக்கிட்டு என்ன சண்டை?" என்று அடுப்படியிலிருந்து உம்மா அதட்டுவார்கள்.

பிறகு நான் பத்திரிகைகளுக்கு விண்வெளிக் கதைகள் எழுத ஆரம்பித்தேன். நீங்கள் கப்பலில் எஞ்சின் வேலைக்குப் போனீர்கள். என் கதை வெளிவந்தால் எந்தத் துறைமுகத்திலிருந்தாவது போன் வந்துவிடும். பாராட்ட இல்லை.

"காத்தே இல்லாத எடத்துல டமார்னு சத்தம் எப்படிப் புள்ள கேட்டுச்சு?"

"கதைக்காகத்தான் காக்கா."

"சரி, சத்தத்த விடு. இருட்டுல கப்பல ஒளிச்சு வச்சிருக்கியே, எஞ்சின் சூட்ட எங்கன கொண்டுபோயி ஒளிப்ப? சுத்திலும் குளிரு. அதுல ஒரு சூடு இருந்தா எம்புட்டுத் தூரத்துல இருந்தும் கண்டுபிடிச்சிருவான்."

ஒரு வரியையாவது நல்லா இருக்கு என்று சொல்ல மாட்டீர்களா என்று கோபித்துக்கொண்டு போனை வைத்திருக்கிறேன். மறுநாள் நீங்களே கூப்பிடுவீர்கள், அடுத்த ஓட்டையைச் சொல்ல.

கடைசியாகக் கூப்பிட்டபோது கதையைப் பற்றிப் பேசவில்லை. "நம்ம விளையாட்டு மாதிரியேதான் இருக்கு" என்றீர்கள். "எதிராளியப் பாக்கவே முடியாது. எங்கயோ மலைக்கு அங்கிட்டு இருந்து ஒருத்தன் ராக்கெட்ட ஏவி விடுறான். அது கெளம்பி வாரது நமக்குத் தெரியாது. மேல வெளக்க எல்லாம் அணைச்சாச்சு. எஞ்சின அணைக்க முடியுமா? அந்தச் சூட்டுக்குள்ளதான் நான் நிக்கிறேன்."

"பயமா இருக்கா காக்கா?"

"இருக்கு புள்ள."

நீங்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அதற்கடுத்து வந்தது கம்பெனிக்காரர்களின் போன். எஞ்சின் அறையில் அடிபட்டதாம், நீங்கள் உயிரோடு இல்லையாம். வீடு அழுது ஓய்ந்து கிடந்தபோது மதினியின் போன் சத்தமிட்டது. உங்களிடமிருந்து மெசேஜ். "நல்லா இருக்கேன். பயப்படாத. டூட்டிக்கு இறங்குறேன்."

மதினி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா, வேற யாரையோ சொல்லிப்புட்டானுக" என்று சிரித்தார். அத்தா அப்படியே நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தார்கள். உம்மா என்னைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டார்கள். அந்த வீட்டில் நான் மட்டும் அந்த மெசேஜைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நெட் இல்லாமல் நின்றுபோன மெசேஜ் அது. கப்பலில் நெட் திரும்பியதும், உங்கள் அறையில் கிடந்த போன் தானாக அனுப்பியிருக்கிறது. டூட்டிக்கு இறங்கும் முன் எழுதியது. இறங்கின இடத்தில்தான் அடிபட்டது.

யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? நான்தான் சொன்னேன். "மதினி, இது அதுக்கு முந்தி எழுதுனது." அவர் என்னை ஓங்கி அறைந்தார். பிறகு என் மடியிலேயே விழுந்து அழுதார்.

அதற்கப்புறமும் கதை எழுதுகிறேன். ஆனால் என் கப்பல்களில் இப்போது யாரும் சுடுவதில்லை. ஏதோ ஒன்று கிளம்பிவிட்டது என்று தெரிந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். "சண்டையே வரலையேம்மா" என்கிறார் பத்திரிகை ஆசிரியர். இதுதான் சண்டை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

இதோ, மகள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறாள். "உம்மா, அத்தா மெசேஜ் போட்டுட்டாங்க. தாண்டிட்டாங்களாம்." மாமியார் அல்ஹம்துலில்லாஹ் என்று கண்ணைத் துடைத்துவிட்டுக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியை எடுக்கிறார். வீட்டுக்கு உயிர் வந்துவிட்டது.

நானும் படித்தேன். "தாண்டிட்டோம். எல்லாரும் சுகம்."

"ஏன் உம்மா சிரிக்க மாட்டேங்குறீங்க?"

"சிரிச்சுக்கிட்டுத்தான்டி இருக்கேன்."

எழுதிய நேரத்தில் சுகமாக இருந்தார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஊரெல்லாம் நல்ல செய்தி வந்தால் பயத்தை விடுகிறது. எனக்கு அப்போதுதான் பயம் பிடிக்கிறது. நீங்கள் எனக்கு விட்டுப்போனது இதுதான் காக்கா. அவர் குரலைக் கேட்க வேண்டும். கூப்பிட்டிருக்கிறேன். மணி அடிக்கிறது, இன்னும் எடுக்கவில்லை.